அட்டை போட்ட நூல்களே ஆசான்கள்

படிப்பதற்கு நூல் கிடைக்கவில்லையே என்று ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் எதை முதலில் எடுப்பது, எடுத்ததை முடித்தபின் அடுத்து எதை நாடுவது, எந்த ஆசிரியரை நம்புவது என்பதே மாணவர்க்குப் பெருங்கேள்வியாக நிற்கிறது. வீட்டில் படித்தவர்கள் இருந்தால் வழி சொல்வார்கள். இல்லாதவர் என்ன செய்வது?

இக்கேள்விக்குத் தம் இளமையையே விடையாக வைத்துச் சென்றவர் மைக்கேல் பாரடே. மின்காந்தத் தூண்டல் விதியையும் மின்னாற்பகுப்பு விதிகளையும் மனப்பாடம் செய்யும் நாம், அவரை விஞ்ஞானியாக மட்டுமே அறிவோம். அவரை ஒரு வாசகராக அறிமுகம் செய்வதே இக்கட்டுரையில் என் நோக்கமாகும்.

கொல்லன் மகன்

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். உடல் நலம் குன்றியவர். உலைக்களத்தில் ஒரு நாள் வேலை செய்தால் மறுநாள் படுக்கையில் கிடக்க வேண்டிய நிலை. 1801ஆம் ஆண்டு உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவனான பாரடேயிடம் ஒரு ரொட்டியைக் கொடுத்து, அதை ஒரு வாரத்திற்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றால், அவ்வீட்டு வறுமையை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804இல் பிளாண்ட்போர்டு தெருவில் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடையில் ஏவல் பையனாகச் சேர்ந்தார். காலையில் செய்தித்தாளை ஒரு வீட்டில் கொடுப்பது, படித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பது என்று தெருத்தெருவாக நடப்பதே வேலை. பையனின் உழைப்பும் நேர்மையும் ரீபோவின் மனத்தைக் கவர்ந்தன. மறு ஆண்டே, கட்டணம் ஏதும் பெறாமல், ஏழாண்டுக் காலப் பயிற்சியாளனாக அவனைப் புத்தகம் கட்டும் தொழிலில் சேர்த்துக்கொண்டார்.

அட்டைக்குள் ஓர் உலகம்

அச்சிட்ட பாரங்களை மடிப்பது, வரிசைப்படுத்துவது, நூல் கொண்டு தைப்பது, பசை தடவி அட்டை போடுவது, தோல் ஒட்டுவது என்று பகலெல்லாம் வேலை. வேலை முடிந்தபின், கட்டுவதற்கு வந்த நூல்களைப் பிரித்துப் படிக்கலானார் பாரடே. ரீபோ தடுக்கவில்லை, ஊக்கமே கொடுத்தார். அந்த நல்ல மனிதர் முகம் சுளித்திருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

தொடக்கத்தில் அவர் எதையும் தேர்ந்து படிக்கவில்லை. கடைக்கு வந்ததே அவருக்குக் கிடைத்தது. அரபுக் கதைகளும் வந்தன, கலைக்களஞ்சியமும் வந்தது. இரண்டையும் ஒரே ஆர்வத்துடன் படித்தார். இரண்டையும் ஒரே எளிமையுடன் நம்பவும் செய்தார். பூதம் குடத்திலிருந்து எழுவதும் மேகத்தில் மின்னல் பிறப்பதும் அவருக்கு ஒரே அளவு வியப்பாக இருந்தன.

அந்நிலையில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் தொகுதி ஒன்று கட்டுவதற்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றிய நீண்ட கட்டுரை இருந்தது. அதைப் படித்த பாரடே படித்ததோடு நிற்கவில்லை. கண்ணாடிக் குப்பியைக் கொண்டு ஒரு சிறு மின்பொறி செய்து, கட்டுரை சொன்னபடி பொறி பறக்கிறதா என்று பார்த்தார். பறந்தது! பூதக்கதையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. மின்சாரக் கட்டுரையைச் சோதிக்கலாம். எந்த நூலை எவ்வாறு நம்புவது என்பதற்கான உரைகல் அன்றே அவர் கைக்கு வந்துவிட்டது.

பெயர் இல்லாத ஆசிரியர்

அடுத்து அவர் கையில் கிடைத்தது வேதியியல் பற்றிய உரையாடல்கள் என்னும் நூல். 1806ஆம் ஆண்டளவில் வெளிவந்த அந்நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் பெண்மணி. ஓர் ஆசிரியையும், எமிலி, கரோலின் என்னும் இரு மாணவியரும் பேசிக்கொள்வதாக அமைந்தது அந்நூல். ஒருத்தி அமைதியானவள், மற்றவள் துடுக்காகக் கேள்வி கேட்பவள். பாமரர்க்கும் ஐயம் எழும் இடத்தில் எல்லாம் அவ்விருவருள் ஒருத்திக்கு ஐயம் எழும். ஆசிரியை பொறுமையாக விளக்குவார், சோதனை செய்தும் காட்டுவார்.

மார்செட் அம்மையார் தாமும் கற்றுக்கொண்டே எழுதியவர். இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்னும் புகழ்பெற்ற வேதியியலாரின் சொற்பொழிவுகளைக் கேட்டு, புரியாதவற்றை நண்பருடன் பேசிப் பேசிப் புரிந்துகொண்டார். தமக்கு விளங்கிய அந்த வழியிலேயே பிறர்க்கும் விளக்க உரையாடல் வடிவத்தை எடுத்துக்கொண்டார்.

இந்நூலையும் பாரடே எளிதில் நம்பிவிடவில்லை. வாரத்திற்குச் சில பென்னிகளே அவரால் செலவிட முடியும். அந்தச் சில்லறையில் வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு, நூலில் சொன்ன சிறு சோதனைகளைத் தம் கையாலேயே செய்து பார்த்தார். நூல் பொய்க்கவில்லை. தாம் புரிந்துகொண்ட அளவில் அது உண்மைக்கு மாறாமல் நின்றது கண்டு, அதை இறுகப் பற்றிக்கொண்டார். பெரிய பெயரும் பட்டமும் இல்லாத, பெயரே அச்சிடப்படாத ஓர் ஆசிரியரை அவர் தம் அன்புக்குரிய ஆசிரியராக ஏற்றது இவ்வாறுதான்.

இவ்விடத்தில் நான் சற்று நின்று எண்ணிப் பார்க்கிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்த நூல் நல்லது என்று வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பது பெருங்குறையாகவே தோன்றும். பாரடேக்கும் கேட்க ஆள் இல்லை. ஆனால் நூலையே கேட்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். சொன்னது நடக்கிறதா என்று சோதிப்பதற்குப் பரம்பரைப் படிப்பு தேவையில்லை. இரண்டு கைகளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நூல் காட்டிய வழி

ஐசக் வாட்ஸ் என்பார் எழுதிய மனவளர்ச்சி பற்றிய நூல் அவருக்குப் படிக்கும் முறையைக் கற்பித்தது. படித்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக, சொற்பொழிவுகளுக்குச் செல்க, ஒத்த மனத்தவருடன் கடிதம் எழுதிக் கருத்துப் பரிமாறுக என்பன அதன் அறிவுரைகள். பாரடே அவற்றை அப்படியே கடைப்பிடித்தார். 1810 முதல் டாட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தவர் கொல்லுத் தொழில் செய்த அண்ணன் ராபர்ட். தம்பியின் படிப்புக்காக உலை முன் வெந்த அந்த அண்ணனையும் நாம் மறத்தலாகாது.

1812இல் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். மார்செட் அம்மையார் எந்த டேவியைக் கேட்டு நூல் எழுதினாரோ, அதே டேவியின் முன் அவர் நூலைப் படித்த இளைஞர் அமர்ந்தார்! நான்கு சொற்பொழிவுகளையும் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, விரித்தெழுதினார். அவ்வாண்டே ஏழு அரைப்பென்னி நாணயங்கள், ஏழு துத்தநாகத் தகடுகள், உப்புநீரில் நனைத்த தாள்கள் இவற்றை அடுக்கி மின்கலம் செய்து, மக்னீசியம் சல்பேட்டைப் பகுத்தும் பார்த்தார்.

அறிவியலில் எந்த எளிய வேலையாவது கிடைக்காதா என்று ராயல் சொசைட்டித் தலைவருக்கு எழுதினார்; பதில் வரவில்லை. மனம் தளராமல், டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளை ஏறத்தாழ முந்நூறு பக்க நூலாகத் தம் கையாலேயே கட்டி, 1812 டிசம்பரில் டேவிக்கே அனுப்பினார். பிறர் நூல்களைக் கட்டிய கை தன் வாழ்வையே கட்டி அனுப்பியது எனலாம். 1813 மார்ச் 1ஆம் நாள் ஆய்வக உதவியாளர் பணி கிடைத்தது. வாரத்திற்கு 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரு அறைகள்.

அதன்பின் நடந்தவை உலகம் அறிந்தவை. 1825இல் பென்சீனைக் கண்டார். 1831 ஆகஸ்டு 29ஆம் நாள் இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்காந்தத் தூண்டலைக் கண்டார். இன்று நம் வீடுகளில் எரியும் விளக்குகளுக்கெல்லாம் வித்து அன்று ஊன்றப்பட்டது. அரசு அளிக்க விரும்பிய சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் அவர் மறுத்தார்.

நன்றி மறவா நெஞ்சம்

புகழின் உச்சியில் நின்றபோதும் மார்செட் அம்மையாரை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவரை நேரில் அறிந்து மகிழ்ந்தார். தம் ஆய்வுக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக அவருக்கு அனுப்பி வந்தார். 1858இல் அம்மையார் மறைந்தபோது, தம் முதல் ஆசிரியை அவரே என்று நண்பர்க்கு எழுதிய கடிதத்தில் மனமுருகிக் குறித்தார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் பாரடேயும் மறைந்தார்.

ஆனால் ஏடு மூடப்படவில்லை. மாக்ஸ்வெல் என்னும் கணித மேதை மின்னியலை ஆராயப் புகுந்தபோது, பாரடேயின் மின்னியல் ஆய்வு நூலை முழுவதும் படித்து முடிக்கும்வரை அத்துறையின் கணித நூல்கள் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். உயர்கணிதம் அறியாத ஒருவரின் நூல், கணித மேதைக்கு முதல் நூலாயிற்று. பாரடேயின் விசைக்கோடுகளிலிருந்து மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் பிறந்தன.

ஓர் அம்மையாரின் நூல் பாரடேயை உருவாக்கியது. பாரடேயின் நூல் மாக்ஸ்வெல்லுக்கு வழிகாட்டியது. மாணவ நண்பர்களே, அடுத்து எதைப் படிப்பது என்னும் கேள்விக்கு இவ்வரலாற்றில் நான் காணும் விடை இதுதான்: கைக்குக் கிடைத்த நூலை முதலில் எடுப்போம், அது சொல்வதைச் சோதிப்போம், மெய்யாக நின்ற ஆசிரியரைப் பற்றிக்கொள்வோம், அவர் யாரிடம் கற்றாரோ அவரைத் தேடிச் செல்வோம். நம் கல்லூரி நூலக அலமாரியில் தூசு படிந்து நிற்கும் ஏதோ ஒரு நூலுக்குள் நமக்குரிய மார்செட் காத்திருக்கக்கூடும். எடுத்துத் தூசு தட்டுவது நம் கடமையாகும்.