சந்தைக்குச் சுதந்திரம்... மதுவுக்குத் தடை! ராஜாஜி போட்ட கணக்கு என்ன?

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதிய பக்திமான்.

1937-ல் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்ததும் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். ஆனா, 1952-ல் முதல்வரானதும் உணவு ரேஷனை நீக்கிட்டார்.

1959-ல், 80 வயதில், நேருவின் சோஷலிசத்தை எதிர்த்து சுதந்திரா கட்சி தொடங்கினார். தொழில் செய்ய லைசென்ஸ், பெர்மிட்னு அலையக் கூடாது. பேராசைக்குக் கடிவாளம் தர்மம்தான், அரசு இல்லை என்பதே அவர் வாதம்.

மது விஷயத்தில் மட்டும் தர்மத்தை நம்பாம சட்டத்தை நம்பினார். முரண்தான்!

1967-ல் சுதந்திரா 44 எம்.பி.க்களைப் பெற்றது. அப்போது கூட்டணியில் இருந்த திமுக, 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது. கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டாம்னு கேட்டார் ராஜாஜி. பலனில்லை. 1972 டிசம்பர் 25-ல் மறைந்தார்.