மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஒரு நாள்

மாலை வேளையில் நம் சங்க அறையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு வாய்ப்பாடு, இன்னொருவருக்கு அறிவியல். சொல்லிக் கொடுப்பவர் ஒருவர்தான். ஒருவரால் இத்தனை பேரையும் கவனிக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அதையே செய்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ல் பிறந்தார். அவருடைய தந்தை சிதம்பரம் பிள்ளை, திருச்சிக்கு அருகே அதவத்தூரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். தந்தையை இளம் வயதிலேயே இழந்த பிள்ளை, திருச்சியில் தமிழ் தெரிந்தவர் யார் இருந்தாலும் தேடிப் போய்ப் படித்தார். பிச்சை எடுத்து வாழ்ந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் பின்னால் தெருத்தெருவாக நடந்து அந்த நூலைக் கற்றார். கற்பதில் இருக்கும் கஷ்டம் தெரிந்ததாலோ என்னவோ, தன்னிடம் படிக்க வந்த யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

குளத்தூர் என்ற பெயருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருச்சி வட்டாரத்துக் குளத்தூரில் 1826-ல் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாக இருந்து, 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை இவருடைய நெருங்கிய நண்பர். அவர் மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய நூலுக்குக் குளத்துக் கோவை என்றே பெயர். பாடியவர் சைவர், பாடப்பட்டவர் கிறிஸ்தவர். வகுப்பிலும் அந்த வேற்றுமை இல்லை. சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவருடனேயே இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவர்.

1860 வாக்கில் பிள்ளை மாயூரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய நாள் தோட்டத்தில்தான் தொடங்கும். வைத்த மரங்களில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு பாடம். அந்தாதி படிக்கிறவர், பிள்ளைத்தமிழ் படிக்கிறவர், புராணம் படிக்கிறவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலையில் இருப்பார்கள். மாணவர் செய்யுளைப் படிப்பார். ஆசிரியர் புத்தகம் பார்க்காமலே பொருள் சொல்வார். நடுவில், தான் இயற்றும் புராணத்துக்குச் செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். ஒரு மாணவர் ஓலையில் எழுதுவார். எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதும் வண்டிப் பயணத்திலும்கூடப் பாடம் நடந்தது. சம்பளம் கேட்டதில்லை. வீட்டிலேயே சாப்பிட்டுப் படித்தவர்களும் உண்டு.

இத்தனை பேருக்கும் ஒருவரே எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆகவே மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 1871-ல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த உ.வே. சாமிநாதையரிடமும், நைடதத்தைச் சவேரிநாத பிள்ளையிடம் கேட்கும்படிதான் முதலில் சொன்னார்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இளைஞருக்கு மனம் ஆறவில்லை. தேடி வந்த ஆசிரியரின் வாயால் பாடம் கேட்கவில்லையே என்று ஏங்கினார். ஆசிரியருக்குத் தளிர் மீது இருந்த ஆசையைக் கவனித்தவர், அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்தில் தேடி, எந்தக் கிளையில் புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று காட்ட ஆரம்பித்தார். பிள்ளைக்கு அவர் மீது அன்பு பிறந்தது. அதன் பிறகு நேரடியாகப் பாடம் தொடங்கியது. கூட்டமாகப் படிக்கும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எதிர்பார்ப்பது அந்த ஒரு பார்வையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூத்தவர்கள் பாடத்தைச் சொல்லித் தரலாம். அந்தப் பார்வையை ஆசிரியர்தான் தர வேண்டும்.

பின்னாளில் திருவாவடுதுறை மடத்திலும் இப்படித்தான். ஏற்கெனவே படித்த தம்பிரான்களுக்கு ஒரு வகுப்பு, புதியவர்களுக்கு ஒரு வகுப்பு. சாமிநாதையர் இரண்டிலும் உட்கார்ந்தார். மேல் வகுப்பில் புதியது கிடைத்தது. கீழ் வகுப்பில் தெரிந்தது உறுதிப்பட்டது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பற்று வரவு பார்க்காமல் இருக்க முடியவில்லை. 20-க்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், மகாவித்துவான் என்ற பட்டம். இவ்வளவு இருந்தும் கையில் காசு தங்கவில்லை. கடன் அவரை விடவே இல்லை. 1876 பிப்ரவரி 1-ம் தேதி திருவாவடுதுறையில் காலமானபோது, சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் அருகில் இருந்து திருவாசகம் படித்தார்.

வரவு பிறகு வந்தது. அவருடைய மூத்த மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையிலிருந்து 1880-ல் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்குச் சாமிநாதையரைக் கொண்டுவந்தார். ஆசிரியர் வீட்டில் மூத்தவர் இளையவருக்குக் கைகொடுத்த பழக்கம் அவர் போன பிறகும் தொடர்ந்தது. 1887-ல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆசிரியரின் வரலாற்றையும் அவரே 1933, 1934-ல் இரண்டு பாகங்களாக எழுதினார். இல்லாவிட்டால் அந்தத் தோட்டமும் தளிரும் நமக்குத் தெரிந்திருக்காது.

நம் சங்க அறைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கட்டும். அதில் இரண்டு பேருக்கும் லாபம். நம்மைப் போல் ஓய்வு பெற்றவர்கள் வாரத்தில் ஒரு மாலையாவது போய் உட்காரலாம். போகிறவர்கள், கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையிடமும் இன்று என்ன படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.