பெயர் கேட்டு எழுதியவர்

சிறுவயதில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தால், பாட்டி ஒரு முள்காயைத் தட்டிக் கொதிக்க வைத்து அந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார். அதன் பெயர் நெருஞ்சி. மஞ்சள் பூப் பூக்கும் என்பார். பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் அதே செடியை ‘டிரிபுலஸ்’ என்று படித்தேன். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞரை அறிந்துகொண்டேன்.

கி.மு. 371-ஆம் ஆண்டளவில் லெஸ்போஸ் தீவிலுள்ள எரெசோஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தை துணி வெளுக்கும் தொழிலாளி என்பர். டிர்டமஸ் என்பது அவருடைய இயற்பெயர். அவருடைய பேச்சுத் திறனை வியந்து, தெய்வமொழி பேசுபவர் என்று பொருள்படும் இந்தப் பெயரைச் சூட்டியவர் அரிஸ்டாட்டில் என்று கூறப்படுகிறது. தொழிலாளியின் மகனான இவரே, பின்னர் அரிஸ்டாட்டிலின் கல்விக்கூடத்தை ஏறக்குறைய 35 ஆண்டுகள் நடத்தினார்!

தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பெருநூல்கள் இன்றும் உள்ளன. அவற்றுக்கான செய்திகளை அவர் அறிஞர்களிடம் மட்டும் கேட்கவில்லை. மரம் வெட்டுவோர், மூலிகை வேர் தோண்டுவோர், மருந்து விற்போர் ஆகியோர் சொன்னவற்றையும் எழுதி வைத்தார். தாப்சியா என்ற மஞ்சள் பூ மூலிகையின் வேரை வெட்டும்போது உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். இல்லையேல் உடல் வீங்கும் என்றனர் வேர் தோண்டுவோர். அதில் நியாயம் இருக்கலாம் என்று அவர் ஏற்றார். வேறொரு செடியை மரங்கொத்தி பார்க்காதபடி இரவில்தான் தோண்ட வேண்டும் என்றதை மிகைப்பேச்சு என ஒதுக்கினார். ஆனால் அதையும் எழுதாமல் விடவில்லை.

கொண்டைக்கடலை இலையைப் போன்ற இலையுடைய முட்செடி ஒன்றை அவர் ‘டிரிபோலோஸ்’ என்று குறித்துள்ளார். மூன்று முனை உடையது என்பது அதன் பொருள். அந்தப் பெயரைத்தான் 1753-இல் லின்னேயஸ் நம் நெருஞ்சிக்கு வைத்தார். நெருஞ்சி என்ற பெயரோ நம் குறுந்தொகையிலேயே இருக்கிறது. எழுதி வைத்ததால் இரண்டு பெயர்களுமே பிழைத்தன.

கி.மு. 287-ஆம் ஆண்டளவில் தியோபிராஸ்டஸ் மறைந்தார். தம் தோட்டத்தை, சேர்ந்து கற்க விரும்பிய நண்பர்களுக்கு எழுதி வைத்தார். தம்மையும் வீண் செலவின்றி அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யச் சொன்னார்.

என் பாட்டி ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து வீட்டின் பின்னால் முளைக்கும் ஒவ்வொரு பச்சிலைக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. நான் விடுமுறைக்கு வீடு சென்ற போதெல்லாம் அவர் அருகில்தான் அமர்ந்திருந்தேன். என் பையில் நோட்டும் பேனாவும் இருந்தன. ஆனால் ஒரு பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு பாட்டி காலமாகிவிட்டார். நெருஞ்சியைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்னும் பாட்டி இருக்கிறாரா? இந்த விடுமுறையில் ஒரு நோட்டோடு அவரிடம் சென்று அமருங்கள். நானும் எங்கள் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் பெரியவர்களைத் தேடிப் போகிறேன்.