மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்

பாட்டு எழுதுகிறவர்கள் எக்காலத்திலும் அநேகர் உண்டு. எழுதியவர் பெயர் தெரியாதவர்களும் வாய்விட்டுப் பாடும்படியான பாட்டை எழுதுவது மிகச் சிலருக்கே வாய்க்கிறது. அச்சிலரில் ஒருவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் உயிர் வாழ்ந்தது இருபத்தொன்பது ஆண்டுகள். சினிமாவுக்குப் பாட்டெழுதியது சுமார் ஐந்தே ஆண்டுகள். அவர் மறைந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் அவருடைய பாட்டு ஒலிக்கத்தான் செய்கிறது.

வியாபாரிகள் படிக்கும் நம் ஏட்டில் சினிமாக் கவிஞர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அன்னார் கவிஞராவதற்கு முன் நம்மைப்போல் விற்றும் வாங்கியும் வயிறு வளர்த்தவர். அவருடைய பாட்டின் பலம் அந்தப் பிழைப்பிலிருந்தே வந்தது என்பது என் எண்ணம்.

பிறப்பும் பிழைப்பும்

தஞ்சை ஜில்லா பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி கல்யாணசுந்தரம் பிறந்தார். தகப்பனார் அருணாச்சலம், தாயார் விசாலாட்சி. விவசாயக் குடும்பம். தகப்பனாருக்கும் கவி கட்டும் பழக்கம் உண்டு. பிள்ளைக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு மிகவும் சொற்பம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றதோடு சரி என்றே சொல்ல வேண்டும். மிச்சப் படிப்பை அவர் வயலிலும் சந்தையிலும் கற்றார்.

அவர் பார்த்த தொழில்கள் பதினேழு என்று கணக்குச் சொல்வார்கள். உழவு, மாடு மேய்ப்பு, மாட்டு வியாபாரம், மாம்பழ வியாபாரம், இட்டிலி வியாபாரம், முறுக்கு வியாபாரம், தேங்காய் வியாபாரம், கீற்று வியாபாரம், மீனும் நண்டும் பிடித்தல், உப்பளக் கூலி, தண்ணீர் வண்டி ஓட்டுதல் என்று அந்தக் கணக்கு நீளுகிறது. நம்மில் அதிராம்பட்டினத்தாருக்கும் முத்துப்பேட்டையாருக்கும் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பும் உப்பளமும் கண்ணில் நிற்கும். அந்த வெயிலில் நின்று சம்பாதித்த காசு எத்தகையது என்பதும் தெரியும்.

இட்டிலி விற்கிறவன் கூவினால் தெருக்கோடி வரை கேட்க வேண்டும். கேட்டவுடன் புரியவும் வேண்டும். புரியாத வார்த்தையைக் கூவினால் பானை காலியாகாது. இந்தப் பாடத்தை எந்தப் பண்டிதரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பசி சொல்லிக் கொடுத்தது.

இயக்கமும் ஆசானும்

வாலிபப் பருவத்தில் தஞ்சை ஜில்லா விவசாயிகள் இயக்கம் அவரை இழுத்தது. நிலமற்ற கூலிகளுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் நியாயம் கேட்ட இயக்கம் அது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்திடம் அவருக்குப் பற்று உண்டாயிற்று. கூட்டங்களில் பாடினார், சக்தி நாடக சபாவில் சேர்ந்து நடித்தார். பிறகு புதுச்சேரி சென்று பாரதிதாசனிடம் இருந்து, அவருடைய ‘குயில்’ ஏட்டின் வேலையிலும் உதவினார். ஆசான் மீது அவருக்கிருந்த பக்தி பெரிது. எழுத உட்கார்ந்தால் தாளின் தலைப்பில் பாரதிதாசனை வாழ்த்தி எழுதிவிட்டுத்தான் மேலே எழுதுவது அவர் வழக்கம்.

இவ்வாறு அவருக்கு மூன்று கல்வி சேர்ந்தது. பிழைப்பு சொற்களைக் கொடுத்தது. இயக்கம் சொல்ல வேண்டிய விஷயத்தைக் கொடுத்தது. ஆசான் சொல்லும் வகையைக் கொடுத்தார். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் ஆயிரத்தில் ஒருவராகவே போயிருப்பார்.

சினிமாவில்

1954ல் ‘படித்த பெண்’ என்னும் படத்துக்கு முதன்முதலாகப் பாட்டெழுதினார். அந்தப் படம் வெளிவரத் தாமதமாகி 1956ல் வந்தது. அதற்குள் 1955ல் ‘மகேஸ்வரி’ வெளியாகி அவர் பெயர் தெரியலாயிற்று.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த ‘பாசவலை’ 1956ல் வந்தது. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. பெயர் தெரியாத புதுக் கவிஞர் ஒருவர் பாட்டோடு வந்திருக்கிறார் என்றபோது, விஸ்வநாதனுக்கு அவரைப் பார்க்க முதலில் மனமில்லை. பிறகு தாளை வாங்கிப் படித்ததும் மனம் மாறிவிட்டது. இதைப் பிற்காலத்தில் விஸ்வநாதனே சொல்லியிருக்கிறார். வழி தப்பிய ஆட்டுக்குட்டி நரிக்குச் சொந்தமாகிறது. நரி அகப்பட்டால் குறவனுக்குச் சொந்தமாகிறது. இப்படிக் கைக்குக் கை மாறும் சொந்தத்தைச் சொல்லிக்கொண்டே போய், நிலையாமையைச் சிறுபிள்ளைக்கும் விளங்க வைக்கும் பாட்டு அது. ஞானிகள் பெரிய நூலில் சொன்ன விஷயத்தை மாடு மேய்த்தவர் ஆட்டுக்குட்டியை வைத்துச் சொல்லிவிட்டார்.

அதன் பின் அவருக்கு ஓய்வில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் ஏறத்தாழ நூற்றெண்பது பாட்டுகள் எழுதினார். 1958ல் எம்.ஜி.ஆர். சொந்தமாக எடுத்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்தில், காடு விளைந்தும் உழைத்தவன் கையில் மிஞ்சியது என்ன என்று ஒரு பெண் கேட்க, நல்ல காலம் வரும் வழியை ஆண் சொல்லும் பாட்டு அவருடையது. 1961ல் வந்த ‘அரசிளங்குமரி’யில் சின்னப் பையனுக்குப் புத்தி சொல்லும் பாட்டும் அவருடையதே. மரத்தில் பேய் இருக்கிறது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதே, உடம்பு வளர்வது போல் அறிவும் வளரட்டும் என்பது அதன் கருத்து. பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கிற எவரும் அதைக் கேட்டால் மறக்கமாட்டார்.

பாட்டின் ரகசியம்

சினிமாப் பாட்டு எழுதுவது எளிதென்று எண்ணக்கூடாது. பல சமயம் மெட்டு முதலில் வந்துவிடும். தத்தகாரத்தில் குறில் வரும் இடத்தில் குறிலும், நெடில் வரும் இடத்தில் நெடிலும் விழ வேண்டும். கதையில் யார் பாடுகிறாரோ அவர் வாயில் வரக்கூடிய சொல்லாக அது இருக்கவும் வேண்டும். புத்தகத்தில் உள்ள கவி விளங்காவிட்டால் திருப்பிப் படிக்கலாம். பாட்டோ கேட்ட மாத்திரத்தில் மனத்தில் இறங்க வேண்டும். சொல்லை அடைத்து மெட்டை நிரப்புவது யாராலும் ஆகும். எடை குறையாமல், முள் சாயாமல் நிறுப்பவரே பாட்டாசிரியர்.

இதற்கு 1959ல் வந்த ‘கல்யாணப் பரிசு’ ஒன்றே போதும். ஸ்ரீதர் இயக்கி, ஏ. எம். ராஜா இசையமைத்த அப்படத்தின் பாட்டுகள் கல்யாணசுந்தரம் எழுதியவை. அதில் தீபாவளி நாளைப் பற்றிய பாட்டு இருமுறை வருகிறது. பி. சுசீலா பாடும்போது மகிழ்ச்சி. ராஜா பாடும்போது துயரம். அதே மெட்டில் அதே பண்டிகை ஒருவருக்கு வெளிச்சமாகவும் மற்றவருக்கு இருட்டாகவும் ஆகிவிடுகிறது. கடினமான பதம் ஒன்றுகூட அதில் இல்லை. ஊரை விட்டு வந்து இந்தச் சீமையில் பெருநாளைத் தனியாகக் கழித்தவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை.

கூலியும் மானமும்

உழைப்பாளியின் கூலியைப் பற்றிப் பாடியவர் தம் கூலியையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முதலாளியிடம் பாட்டுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்கப் போனபோது, நாளை வா, போய் நில் என்ற மாதிரி பதில் வந்ததாகவும், உடனே நாலு வரி எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறியதாகவும், பணம் அவரைத் தேடி வீட்டுக்கு வந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கணக்கு நேர் செய்யாமல் இழுத்தடிக்கும் இடங்களில் நாமும் நின்றிருக்கிறோம். நம் கடையில் நிற்கும் பையன் சம்பளத்துக்காக நம் முகத்தைப் பார்த்து நிற்கும்போதும் இக்கதை நமக்கு ஞாபகம் வரவேண்டும்.

மறைவு

புகழ் உச்சிக்கு ஏறிய வேளையில், 1959 அக்டோபர் 8ஆம் தேதி, கல்யாணசுந்தரம் சென்னையில் காலமானார். மணமாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார். 1960ல் ‘இரும்புத்திரை’யும் 1961ல் ‘திருடாதே’யும் வெளிவந்து அவர் பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்தபோது, எழுதிய கை இல்லை.

1977ல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., தம் நாற்காலியின் கால்களில் ஒன்று கல்யாணசுந்தரத்தின் பாட்டு என்று சொன்னது பிரசித்தம். அன்னார் பெயரால் பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் எழுந்திருக்கிறது.

நமக்குள்ள படிப்பினை

ஓதுபள்ளியிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்துவிட்ட என் போன்றோர் நம்மில் பலர். படிப்புக் குறைவு என்று நாம் ஒதுங்கி நிற்பதுண்டு. கல்யாணசுந்தரம் தமக்குத் தெரிந்ததை மட்டும் பாடினார். அதை முழுதும் தெரிந்து பாடினார். உழாதவர் உழவைப் பாடினால் அலங்காரம் இருக்கும். உழுதவர் பாடினால் அதில் வேர்வை இருக்கும். கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைப்பது தவறு. சரக்கின் தரம் வாங்குகிறவன் கைக்குத் தெரிவதுபோல் பாட்டின் தரம் ஜனங்களின் காதுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காப் பக்கம் வாருங்கள். கட்டிட வேலைக்கு வந்த தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்தவர் எழுதிய பாட்டை அவர்கள் கைப்பேசியிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அது பழைய பாட்டாகத் தோன்றுவதில்லை. தங்கள் கணக்கைத் தங்களுக்காக ஒருவர் எழுதி வைத்ததாகவே தோன்றுகிறது.

ஆகவே, சகோதரர்களே, அவர் பாட்டை ரசிப்பதோடு நிற்காமல் நம் பிள்ளைகளுக்கும் கேட்கக் கொடுப்போம். அவர்கள் தமிழைக் கற்பார்கள். உழைக்கிறவனை மதிக்கவும் கற்பார்கள்.