எங்க மலைக்கு விதை கொண்டுவந்த சல்லிவன் துரை



நான் கோத்தகிரிப் பக்கத்து ஊர்க்காரி. கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குன்னு வருஷம் பூரா மண்ணோடதான் என் பொழப்பு. மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புறோம். இதுக்கெல்லாம் இங்கிலீஷ் காய்னு ஏன் பேர் வந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்லை. கூட்டமைப்பு மூலமாகக் கன்னேரிமுக்கு நினைவகத்துக்குப் போனபோதுதான் ஜான் சல்லிவனைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

அவர் 1788-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கம்பெனி வேலைக்காக மதராஸ் வந்தார். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்தார். அப்போது இங்கே சாமை, ராகிதான் முக்கிய விளைச்சல். அவர் முதலில் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். பிறகு ஊட்டியில் கல் வீடு கட்டினார், ஏரி அமைத்தார். சீமை விதைகளை வரவழைத்து உருளைக்கிழங்கும் மற்ற காய்கறிகளும் பயிரிட்டார். நம்ம குளிருக்கு அவை நல்லா வந்தன. இன்னிக்கு நமக்குச் சோறு போடுவது அந்தப் பயிர்தான்.

1838-ல் அவர் மனைவியும் மகளும் இறந்துபோனார்கள். ஊட்டி ஸ்டீபன் சர்ச்சில்தான் அவர்கள் கல்லறை இருக்கிறது. 1841-ல் சல்லிவன் ஊர் திரும்பினார். 1855-ல் காலமானார்.

என் மனசில் தைத்தது வேறொரு விஷயம். இந்த மலை நிலம் தோடர்களுக்கே சொந்தம், எடுத்தால் ஈடு கொடுக்கணும் என்று அவர் தன் மேலதிகாரிகளிடமே வாதாடினார். அவங்க அதை ஏத்துக்கலை. அவரும் இங்கே நிறைய நிலம் வாங்கிச் சேர்த்தவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் நிலம் யாருடையது என்ற கேள்வியை அவர் விடவில்லை.

அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. ஒரு மார்கழியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி மொத்தமும் கருகிப்போச்சு. நிவாரணம் கேட்டுப் போனேன். பட்டா யார் பேர்லன்னு கேட்டாங்க. மாமனார் பேர்லன்னு சொன்னேன். அப்ப அவரை வரச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. இருபது வருஷமா களை எடுத்த கை என்னுடையது, காகிதத்தில் என் பேரில்லை.

அன்னிக்கு ராத்திரியே வீட்டில் பேச்சை எடுத்தேன். மாமா முதலில் முகம் சுளிச்சார், அப்புறம் சரின்னார். கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கோம். எங்க குழுவில் இன்னும் நாலு பேர் வீட்டில் பேசிட்டு இருக்காங்க. நீங்களும் பேசுங்க சகோதரிகளே.