கதிரவனைக் கற்றவர்

தமிழகத்தின் தென்பகுதியில் வானளாவி நிற்பது பழனிமலைத் தொடர். அதன் வட அடிவாரத்தில் முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள பழனித் திருப்பதி விளங்குகிறது. தென்பால், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், கோடைக்கானல் என்னும் எழில் நகரம் அமைந்துள்ளது. கோடையின் வெம்மைக்கு அஞ்சி, குளிர்ந்த நிழலை நாடி அங்குச் செல்வோர் பலர். ஆயினும், வெயிலைத் தரும் கதிரவனையே நாடி அம்மலைமீது ஏறிய அறிஞர் ஒருவரும் உண்டு. அவரே ஜான் எவர்ஷெட் என்பவர்.

அவர் வரலாற்றை அறியுமுன், அவர் வாழ்ந்த ஊரின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். பழனிமலையின்மேல் பளியர் முதலிய மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். பூம்பாறை, வில்பட்டி முதலிய சிற்றூர்களில் உழவர் குடிகள் இருந்தன. ஆங்கிலேயர் இம்மலையைக் கண்டது பிற்காலத்திலேதான். 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அலுவலர் இம்மலைத் தொடரை அளந்து ஆராய்ந்தார். 1845ஆம் ஆண்டில், மதுரைச் சமவெளியின் நோய்களால் துன்புற்ற அமெரிக்கப் பாதிரிமார் இங்கு இல்லங்கள் அமைத்தனர். 1863ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்பவர் ஓடையை மறித்துக் கரையிட்டு ஏரியொன்றை உண்டாக்கினார். இன்று யாவரும் கண்டு களிக்கும் கோடைக்கானல் ஏரி அதுவே.

இவ்வூரில் வானாய்வுக் கூடம் தோன்றியதற்கு ஒரு துயர நிகழ்ச்சி காரணமாயிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் ஒன்று வாட்டியது. தாது ஆண்டுப் பஞ்சம் என்று நம் முன்னோர் அதனை நெடுநாள் நினைந்து வருந்தினர். மழை பொய்த்தது, நிலம் வறண்டது, பல இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். மழை பொய்க்கப் போவதை முன்னரே அறிய ஒரு வழி இல்லையா என்று அறிஞர்கள் எண்ணினர். கதிரவன்மீது காணப்படும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வருவன. அவற்றிற்கும் மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சிலர் கருதினர். ஆகவே, கதிரவனை நாள்தோறும் ஆராய்வதற்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற முடிவு எழுந்தது. சென்னையில் 1792ஆம் ஆண்டு முதலே வானாய்வுக் கூடம் ஒன்று இருந்தது. ஆயினும், தூசி குறைந்த தெளிந்த வானம் மலையுச்சியிலேயே மிகுதியாகக் கிட்டும். மிச்சி ஸ்மித் என்னும் அறிஞர் நீலகிரியையும் பழனிமலையையும் ஆராய்ந்து, கோடைக்கானலே தக்க இடம் எனத் தேர்ந்தார். 1895ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் வென்லாக்குப் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899ஆம் ஆண்டில் ஆய்வுக் கூடம் பணி தொடங்கியது.

இனி, இக்கூடத்தின் புகழை உலகெங்கும் பரப்பிய எவர்ஷெட்டின் வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தின் தென்பகுதியில் சர்ரே என்னும் மாவட்டம் உள்ளது. அங்குச் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் கோம்ஷால் என்னும் சிற்றூர் உண்டு. டில்லிங்போர்ன் என்னும் சிற்றாறு அவ்வூர் வழியே பாய்கிறது. அதன் நீரால் மாவாலை சுழன்றது. தோல் பதனிடும் தொழில் நடைபெற்றது. 1849ஆம் ஆண்டில் புகைவண்டியும் அவ்வூரை எட்டியது. அத்தகைய ஊரில் 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் ஜான் எவர்ஷெட் பிறந்தார். தமையனார் சிட்னி எவர்ஷெட் பிற்காலத்தில் மின்னியற் கருவிகள் செய்வதில் பெயர் பெற்றார். தம்பியாகிய ஜானுக்கோ, கருவிகள் செய்யும் கைத்திறனோடு வானத்தைக் காணும் ஆர்வமும் இளமையிலேயே வாய்த்தது.

ஆர்வம் இருந்தது; ஆயின் அதற்கேற்ற வசதி இல்லை. அவர் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றவரல்லர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இலண்டன் மாநகரில் இரசாயன நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவுடன் இளமைக் கனவைக் கைவிடுவோர் உலகிற் பலர். எவர்ஷெட் அதனைக் கைவிடவில்லை. 1890ஆம் ஆண்டில் கென்லி என்னும் ஊரில் தமக்கெனச் சிறிய வானாய்வுக் கூடம் ஒன்றை அமைத்துக் கொண்டார். ரான்யார்டு என்னும் வானியல் அன்பரிடமிருந்து 18 அங்குலத் தொலைநோக்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அலுவலகப் பணி ஒழிந்த நேரமெல்லாம் ஆராய்ச்சி நேரமாயிற்று. அவ்வாண்டு தோன்றிய பிரிட்டிஷ் வானியற் சங்கத்தின் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர் ஆனார்.

முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும், சில நிமிடங்கள், கதிரவனின் வெளி மண்டலம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். அச்சில நிமிடங்களுக்காக எவர்ஷெட் நாடு கடந்து சென்றார். 1896ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் வடகோடிக்குச் சென்றார். முகில் சூழ்ந்து கிரகணத்தை மறைத்துவிட்டது. 1898ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்து தால்னி என்னும் இடத்தில் கிரகணத்தைக் கண்டார். அம்முறை அரிய ஒளிப்படங்கள் கிட்டின. 1900ஆம் ஆண்டில் அல்ஜீரியாவுக்குச் சென்றார். முழுக் கிரகணம் தோன்றும் பகுதியின் எல்லையருகே நின்று காண விரும்பி, சிறிது பிழைபட்டு, எல்லைக்கு வெளியே நின்றுவிட்டார். ஆயினும் மனம் தளராது, கிடைத்த அளவில் பயனுள்ள படங்களை எடுத்துத் திரும்பினார். நார்வேப் பயணம் முற்றிலும் வீண்போகவில்லை. அங்கேதான் மேரி ஆர் என்னும் அம்மையாரை அவர் முதன்முதல் சந்தித்தார். அம்மையாரும் வானியலிற் புலமை மிக்கவர்; தென்வானத்து விண்மீன்களைப் பற்றி நூல் எழுதியவர். 1906ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அவ்வாண்டிலேயே எவர்ஷெட்டின் வாழ்க்கையில் பெருந்திருப்பம் ஒன்று நேர்ந்தது. கோடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் மிச்சி ஸ்மித்துக்கு உதவியாளராக அமரும் வாய்ப்புக் கிட்டியது. அப்பொழுது அவருக்கு வயது 42. பொழுதுபோக்காகப் போற்றிய துறையே முழுநேரப் பணியாக வாய்த்தது. கணவரும் மனைவியும் நேரே இந்தியாவுக்கு வரவில்லை. அமெரிக்காவின் வழியாகச் சென்று, வில்சன் மலையில் கதிரவனை ஆராய்ந்து வந்த ஹேல் என்னும் பேரறிஞரின் கருவிகளைக் கண்டறிந்தனர். பின்னர் ஜப்பான் வழியாக இந்தியாவை அடைந்து, 1907ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தனர்.

இக்காலத்தைப்போல அன்று பேருந்தில் அமர்ந்து மலையேற முடியாது. அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைதல் வேண்டும். அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமக்கும் நாற்காலியிலோ செங்குத்தான மலைப்பாதையில் ஏறுதல் வேண்டும். ஆராய்ச்சிக்கு வேண்டிய கனத்த கருவிகளும் இவ்வாறே மனிதர் தோள்மீது மலையேறின. பெயர் அறியப்படாத அவ்வுழைப்பாளிகளின் வியர்வையும் அக்கூடத்தின் புகழில் கலந்துள்ளது.

எவர்ஷெட் வந்ததும் கருவிகளைச் சீர்செய்தார். புதிய கருவிகளைத் தம் கையாலேயே அமைத்தார். வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனை ஒளிப்படம் எடுக்கும் பணி ஒழுங்காக நடைபெற்றது. இந்திய உதவியாளர்களும் அப்பணியிற் பங்கு கொண்டனர்.

அவருடைய பெருங்கண்டுபிடிப்பை உணர்வதற்கு ஓர் அடிப்படையை அறிதல் வேண்டும். கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியிற் செலுத்தினால் அது வானவில்லைப்போல் பல நிறங்களாகப் பிரியும். இதனை நிறமாலை என்பர். அதனூடே மெல்லிய கருங்கோடுகள் பல காணப்படும். ஊதிக்கொண்டே புகைவண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி உயர்ந்தும், நம்மைக் கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். ஒளியிலும் இத்தகைய மாறுதல் உண்டு. ஒளி தரும் வாயு நம்மை நோக்கி வருமாயின் கருங்கோடுகள் ஊதா நிறப் பக்கமும், நம்மை விட்டு விலகுமாயின் சிவப்பு நிறப் பக்கமும் சிறிது நகரும். அந்நகர்ச்சியை அளந்து, கோடிக்கணக்கான கல் தொலைவிலுள்ள வாயுவின் வேகத்தைக் கணக்கிடலாம்.

1908ஆம் ஆண்டில், கரும்புள்ளிகளில் காந்த ஆற்றல் உண்டு என்பதை ஹேல் கண்டறிந்தார். ஆகவே, கரும்புள்ளி என்பது நீர்ச்சுழியைப்போல் வாயு சுழலும் இடமாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் பரவியது. எவர்ஷெட்டும் அச்சுழற்சியைக் காணும் எண்ணத்துடன் ஆராயத் தொடங்கினார். 1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5ஆம் நாள் வானம் மிகத் தெளிவாக இருந்தது. கதிரவன்மீது பெரிய கரும்புள்ளிகள் இரண்டு இருந்தன. அவர் அவற்றின் நிறமாலையைப் படம் எடுத்தார். கோடுகள் நகர்ந்திருந்தன, ஆனால், எதிர்பார்த்தவாறு நகரவில்லை.

வாயு சுழலுமாயின், கரும்புள்ளியின் எப்பகுதியில் நகர்ச்சி தோன்ற வேண்டுமோ அப்பகுதியில் அது தோன்றவில்லை. புள்ளியைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில், கதிரவன் வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கத்து வாயு நம்மை நோக்கி வந்தது; விளிம்பை நோக்கிய பக்கத்து வாயு நம்மை விட்டு விலகிச் சென்றது. புள்ளி வட்டத்தின் நடுவே இருந்தபோதோ நகர்ச்சியே காணப்படவில்லை. இதன் பொருள் யாது? வாயு சுழலவில்லை, புள்ளியின் உட்பகுதியினின்று எல்லாப் பக்கங்களிலும், தரைமீது நீர் பரவுவதைப்போல், கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாய்கிறது. அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

தாம் கருதியதும் பிறர் கருதியதும் ஒன்றாக இருக்க, கண்டது வேறாக இருக்குமாயின் என் செய்வது? படம் பழுது என்றோ, கருவியிற் குற்றம் என்றோ கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. எவர்ஷெட் அவ்வாறு செய்யவில்லை. மீண்டும் மீண்டும் பல கரும்புள்ளிகளை ஆராய்ந்தார். எங்கும் அதுவே விளங்கக் கண்டார். பின்னரே அம்முடிவை உலகுக்கு வெளியிட்டார். இன்றும் வானியல் நூல்கள் அதனை எவர்ஷெட் விளைவு என்றே குறிப்பிடுகின்றன. அவ்வாறு நிகழ்வதன் காரணம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக விளங்குகிறது.

1911ஆம் ஆண்டில் மிச்சி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் ஆய்வுக் கூடத்தின் இயக்குநர் ஆனார். 1915ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1918ஆம் ஆண்டில் அரச வானியற் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. பட்டம் பெறாதவரைப் பெரும் புலவர் அவைகள் போற்றின. மேரி அம்மையாரும் கணவருடன் சேர்ந்து கதிரவனின் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர்கள் கோடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், 1913ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோல்விகளும் இல்லாமல் இல்லை. 1922ஆம் ஆண்டில் கிரகணம் காண ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அவர் அதற்காகச் சோர்ந்திலர்.

1923ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற எவர்ஷெட் தாயகம் திரும்பினார். எங்குச் சென்று தங்கினார் தெரியுமா? தாம் பிறந்த கோம்ஷாலுக்குச் சில கல் தொலைவில், அதே சர்ரே மாவட்டத்தில் உள்ள யூஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். உலகைச் சுற்றி வந்தவர் இளமையில் உலவிய குன்றுகளின் பக்கமே மீண்டார். அங்கும் ஆய்வுக் கூடம் அமைத்து, 1950ஆம் ஆண்டு வரை கதிரவனை ஆராய்ந்தார். மேரி அம்மையார் 1949ஆம் ஆண்டில் மறைந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், எழுபதாண்டு கால ஆராய்ச்சி வாழ்வின் நினைவுகளை எவர்ஷெட் எழுதினார். அவை 1955ஆம் ஆண்டில் வெளிவந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், தம் 92ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

பஞ்சத்தை முன்னறியலாம் என்னும் நம்பிக்கையால் எழுந்தது கோடைக்கானல் ஆய்வுக் கூடம். கரும்புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் எளிய வழி அங்குக் கிட்டவில்லை. ஆயினும் உண்மையை நாடிச் செய்த உழைப்பு வீணாகவில்லை. நூறாண்டுக்கு மேலாக அங்கு எடுக்கப்பட்ட கதிரவன் படங்கள் இன்று உலக அறிஞர்களுக்குப் பெருஞ்செல்வமாகப் பயன்படுகின்றன. எவர்ஷெட் விளைவு கண்டறியப்பட்டதன் நூற்றாண்டை ஒட்டி, 2008ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல் தலை வெளியிட்டது.

மாணவர்களே! கோடைக்கானலுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின், ஏரியையும் மலர்ச்சோலையையும் கண்டு மகிழ்வதோடு அமையாதீர்கள். மலைமேல் உள்ள அவ்வாய்வுக் கூடத்தையும் காணுங்கள். சிற்றூரிற் பிறந்து, பட்டம் இன்றி, ஓய்வு நேரத்தையே கல்விக்கூடமாகக் கொண்ட ஒருவர், தாம் விரும்பியதை விடுத்துக் கண்டதையே உண்மையெனக் கூறிய இடம் அது.