குருதித் துளியில் உண்மை கண்ட லாவெரான்

காய்ச்சல் என்பது நோயன்று. நோயின் அறிகுறியே ஆகும். வெப்பமும் நடுக்கமும் பல நோய்களுக்குப் பொதுவாதலின், மலேரியாவை ஏனையவற்றினின்று பிரித்தறிதல் நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது. அவ்விருளில் விளக்கேற்றிய அல்போன்ஸ் லாவெரானின் வாழ்வினை ஈண்டு நாம் நினைவுகூர்வோம்.

இவர் 1845ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் இராணுவ மருத்துவர். மைந்தரும் அவ்வழியே சென்று, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பயின்று 1867இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1878இல் அல்ஜீரியாவுக்குப் பணிமாற்றம் பெற்றார். அங்குள்ள மருத்துவமனைகளில் காய்ச்சலுற்ற படைவீரர் பலரைக் கண்டார்.

சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணம் என்பது பழைய நம்பிக்கை. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. 1879இல் அறிஞர் இருவர் ஒருவகைப் பாக்டீரியாவே காரணம் என்றனர். லாவெரான் இவ்விரண்டையும் அப்படியே ஏற்றாரல்லர். இறந்தோர் உறுப்புகளில் காணப்படும் கருநிறத் துகள்களின் மூலத்தைத் தேடி, உயிருள்ளோர் குருதியை ஆராயத் தொடங்கினார்.

1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கான்ஸ்டன்டைன் நகரில், படைவீரர் ஒருவரின் குருதியை நுண்ணோக்கியில் நோக்கினார். அக்கருவி ஏறத்தாழ 400 மடங்கே பெரிதாக்கிக் காட்டும். குருதிக்குச் சாயமும் ஏற்றப்படவில்லை. ஆயினும் உருண்டை வடிவொன்றிலிருந்து இழைகள் நீண்டு துடிப்பதைக் கண்டார். அஃது உயிருள்ள ஒட்டுண்ணியே எனத் தெளிந்தார். 192 நோயாளிகளைச் சோதித்து 148 பேரிடம் அதனைக் கண்டார். கொயினா மருந்து உண்டபின் அது மறைவதையும் குறித்து வைத்தார்.

அறிஞருலகம் உடனே நம்பவில்லை. சிதைந்த குருதியணுக்களையே அவர் கண்டார் எனப் பலர் கருதினர். இந்தியாவில் பணியாற்றிய ரொனால்ட் ராஸும், 1894இல் இலண்டனில் மேன்சன் காட்டிய பின்னரே ஐயம் தெளிந்தார். லாவெரானோ பூசலிட்டுப் பொழுது போக்கவில்லை. 1882இல் உரோம் நகர் சென்று அங்குள்ள நோயாளிகளிடமும் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். 1884இல் பாஸ்டருக்கே அதனைக் காட்டினார்.

1907இல் நோபல் பரிசு பெற்ற அவர், அத்தொகையில் பாதியைப் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் அமைக்க ஈந்தார். 1922ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை. நோய் மிகுந்த நாடுகளில் ஒட்டுண்ணியைச் சுமந்தும் காய்ச்சலின்றி நடமாடுவோர் உளர். அவர்க்கு வேறு காரணத்தால் காய்ச்சல் வரினும் மலேரியா என்றே தோன்றும். எனவே, 2009 முதல் 2014 வரை ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் குழந்தைகளிடம் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியைச் சோதித்தபோது, காய்ச்சலோடு ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 5,000க்கு மேற்பட்ட ஒட்டுண்ணிகள் இருந்தால்தான் மலேரியா எனக் கணக்கிட்டனர். நோயைப் பிழையாகக் கணித்தால் தடுப்பூசியின் பயனும் பிழையாகவே தோன்றும். அத்தடுப்பூசியை உலக நல நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது.

கண்டதைப் பதறாது மீண்டும் மீண்டும் சோதித்தலே ஆய்வு. மாணவச் செல்வங்கள் லாவெரானிடம் கற்க வேண்டிய பாடம் இதுவேயென நாம் துணிகின்றோம்.